கள்ளக்கடல் எச்சரிக்கை: படம் போட்டால் மக்கள் கேட்பார்களா?

நாஞ்சில் வரைகலை:
2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனதை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கள்ளக்கடல், அதாவது காற்றே இல்லாதபோதும் திடீரென்று கரையேறும் அலை, வரும் என்று ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கைகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். அலை உயரம் இத்தனை மீட்டர், அலைக்காலம் (ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் இடைப்பட்ட நேரம்) இத்தனை விநாடி, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்று ஒரு பத்தி. வெளியூரிலிருந்து குளிக்க வருபவருக்கு நீரோடி எங்கே, ஆரோக்கியபுரம் எங்கே என்று எப்படித் தெரியும்? சொத்தவிளை, சங்குத்துறை, லெமூர், தேங்காய்ப்பட்டணம் என்று கூட்டம் வரும் கடற்கரைகளின் நுழைவிலேயே ஒரு படப்பலகை வைக்கலாம் என்பது என் யோசனை. ஒரு ஆள் உருவம், பக்கத்தில் அன்றைய அலை உயரம், பின்னால் ஒரே நிறம். வரையத் தெரிந்தவர்கள் சேருங்கள்.

கடியபட்டணம் கரைக்காரன்:
அண்ணாச்சி, இந்தப் படத்தைத் தயவுசெய்து வைக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் அலையை ஆள் பக்கத்தில் வரைந்தால் நெஞ்சளவுக்குத்தான் வரும். பார்க்கிறவன் “இவ்வளவுதானா” என்று இறங்கிவிடுவான். கள்ளக்கடலின் ஆபத்து உயரத்தில் இல்லை. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த காற்று கிளப்பிவிட்ட அலை நாள்கணக்கில் ஓடி நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, நல்ல வெயில் அடிக்கும். கடல் சும்மா கிடக்கிற மாதிரி தெரியும்போதே தண்ணீர் திடீரென்று கரையேறும். திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். எங்கள் ஊரில் கோயில் மைக்கில் ஒரு தடவை சொன்னால் போதும், வள்ளங்களை மேலே ஏற்றிவிடுவோம். குரல்தான் வேலை செய்யும்.

குழித்துறை வாசகன்:
படத்தை இப்படி ஒதுக்கிவிட முடியாது. 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பெரும்பாலானவை பிராட் தெரு குடிநீர்ப் பம்பைச் சுற்றியே இருந்தன. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல் வட்ட விளக்கப்படம் போட்டு, படைவீரர்களைக் காயத்தைவிட நோய்தான் அதிகம் கொன்றது என்று காட்டினார்.

கடியபட்டணம் கரைக்காரன்:
இரண்டும் பெரிய வேலைதான். ஆனால் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது 1854 செப்டம்பரில், அந்த வரைபடம் அச்சில் வந்தது அதற்குப் பிறகு. நைட்டிங்கேலின் படம் அரசாங்கத்தில் முடிவெடுக்கிறவர்களை அசைக்கப் போட்டது. இரண்டுமே நடந்து முடிந்ததைக் காட்டின. நாம் பேசுவது இன்னும் அரைமணி நேரத்தில் தண்ணீரில் இறங்கப் போகிற ஒருவனைப் பற்றி.

தக்கலை இயற்பியல் டீச்சர்:
கரைக்காரன் உயரத்தைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் படம் வேண்டும் என்கிறேன், ஆனால் வேறு படம். பக்கத்துக் காற்று கிளப்பும் 6 விநாடி அலையின் நீளம், ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர். 16 விநாடி அலைக்கு அது சுமார் 400 மீட்டர். முகடு மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும். உயரம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் பின்னது கரையைத் தொடும்போது தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரின் அளவே வேறு. “16 விநாடி” என்று எழுதினால் இதில் ஒன்றும் விளங்காது. ஒரு மீட்டர் அகலப் பலகையில் மேலே 14 செ.மீ. நீளத்துக்கு ஒரு அலை, கீழே பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே அலை. மேலே “வழக்கமான கடல்”, கீழே “இன்றைய கடல்”. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இப்படித்தான் வரைவேன், கேள்வி கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.

நாஞ்சில் வரைகலை:
டீச்சர், இதையே வரைகிறேன். ஆள் உருவம் வேண்டாம். நிறத்திலும் எனக்கு ஒரு கவலை உண்டு. மழைக்கு வானிலைத் துறை கொடுக்கும் ஆரஞ்சு என்றால் “தயாராக இரு” என்று பொருள், 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மழைக்கு வாய்ப்பு. நம் ஊரில் ஆரஞ்சு என்றதும் நாளைக்குப் பள்ளி உண்டா என்றுதான் கேட்கிறார்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் நிறத்தோடு “தண்ணீரில் கால் வைக்காதே” என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும்.

கடியபட்டணம் கரைக்காரன்:
இந்தப் படம் பரவாயில்லை. ஆனால் இது கரையில் நிற்பவருக்கு மட்டும்தான் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. செல்போன் சிக்னல் எட்டாத இடத்தில் எந்தப் படம் போய்ச் சேரும்? அங்கே வயர்லெஸ்ஸும் சாட்டிலைட் போனும்தான். பலகைக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, அதற்கு இல்லை என்று சொன்னால் நான் எதிர்ப்பேன்.

தக்கலை இயற்பியல் டீச்சர்:
அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் குரல் மட்டும்தான் என்பதை ஏற்க மாட்டேன். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு என்ன? பகலில் வடிவம், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கு, 1 முதல் 11 வரை எண். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொண்ட படம் அது. “மூன்றாம் எண் கூண்டு” என்றால் இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

கடியபட்டணம் கரைக்காரன்:
கூண்டை நம்புகிறார்கள், ஏனென்றால் அதை ஏற்ற ஒரு ஆள் இருக்கிறார், இறக்கவும் ஒரு ஆள் இருக்கிறார். உங்கள் பலகையை யார் மாற்றுவது? கடல் அடங்கி மூன்று நாள் கழித்தும் சிவப்பு தொங்கினால், அடுத்த தடவை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். எந்தத் தேதி, எத்தனை மணி வரை என்று பலகையில் இருக்க வேண்டும். மாற்றும் பொறுப்பு பேரூராட்சிக்கா, மீன்வளத் துறைக்கா, கடலோரக் காவல் படைக்கா என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு பலகையும் நடக்கூடாது.

நாஞ்சில் வரைகலை:
சரி. கீழ் அலையைத் தனித் தகடாகச் செய்து, எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் மாட்டுகிற மாதிரி வடிவமைக்கிறேன். தேதிக்கும் நேரத்துக்கும் சாக்பீஸில் எழுத இடம் விடுகிறேன். மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள், படத்தை அதோடு இணைத்தே கலெக்டர் ஆபீஸில் கொடுப்போம்.

கடியபட்டணம் கரைக்காரன்:
எழுதுகிறேன். வயர்லெஸ் கோரிக்கையும் அதே மனுவில் இருக்கும், முதல் பத்தியில்.