மூங்கில் துணியா, பருத்தியா? எதை நம்பி வாங்குவது?

நூல்கண்டு:
"100% மூங்கில், 100% இயற்கை" என்று அட்டை தொங்கும் டி-ஷர்ட்களை இந்த உரையாடலில் பலர் பரிந்துரைக்கிறார்கள். வாங்காதீர்கள். கடைக்கு வரும் மூங்கில் துணி பெரும்பாலும் விஸ்கோஸ் என்னும் ரேயான்தான். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டை சல்பைடு சேர்த்துக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டிக்குள் இழையாகப் பீய்ச்சுகிறார்கள். கார்பன் டை சல்பைடு தொழிலாளியின் நரம்பைக் கெடுக்கும். ரேயானை மூங்கில் என்று விற்ற வழக்கில் அமெரிக்கக் கடைத்தொடர்களான வால்மார்ட்டும் கோல்ஸும் 2022-இல் 55 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டன.

மழைநீர்:
செடியையும் பாருங்கள். மூங்கிலை வெட்டினால் தானே தழைக்கும், மருந்து அவ்வளவாக வேண்டாம். பருத்திக்கு எத்தனை முறை மருந்து அடிக்கிறார்கள்? தவிர, கூழை வேறொரு கரைப்பானில் நேரடியாகக் கரைத்து இழையாக்கும் லையோசெல் முறையில் கார்பன் டை சல்பைடே கிடையாது. கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். எல்லா ஆலை இழையையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்குவது நியாயமில்லை.

நூல்கண்டு:
லையோசெல் சரி, ஆனால் அட்டையில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். வெறும் "மூங்கில்" என்றால் விஸ்கோஸ் என்றே கொள்ளுங்கள். எரித்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பருத்தி, விஸ்கோஸ் இரண்டுமே காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். உருகிக் கெட்டி மணியாவது பாலியஸ்டர். பதிலாக, ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து இரு முனையையும் மெல்ல இழுங்கள். நனைந்தால் விஸ்கோஸின் வலிமை பாதியாகும், ஈரமான இடத்திலேயே அறும். பருத்தி நனைந்தால் உறுதியாகும், காய்ந்த இடத்தில்தான் அறும். லைக்ரா என்னும் இழுபடும் இழை கலந்த நூலில் இது தெளிவாக வராது.

சாயத்தொட்டி:
ரெண்டு பேரும் இழையோட நின்னுட்டீங்க. அதைவிடப் பெரிய கேடு சாயத்துல இருக்குங்க. பருத்திக்குப் போடுற ரியாக்டிவ் சாயத்துல கருப்பு, கருநீலம் ஏத்த லிட்டருக்கு 70 கிராம் உப்பு சாதாரணம். கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணின்னா உப்பு மட்டும் அரைக் கிலோவுக்கு மேல. அந்த உப்பு துணியில தங்காது, முழுசும் கழிவுல போகும். திருப்பூர் வழியா ஓடுற நொய்யல் ஆறும் அதுல இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டது அப்படித்தான். அதனாலதான் 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. சொட்டுக் கழிவும் வெளியே விடாத பட்டறையில சாயமேறுன சாதாரணப் பருத்தி, சுத்திகரிக்காத பட்டறையில சாயமேறுன ஆர்கானிக் பருத்தியைவிட மேல்.

கரிசல்:
அப்படியானால் சாயமே வேண்டாமே. கரிசல் மண்ணில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்திக்குப் பாசன நீரே தேவையில்லை. அதை வெளுக்காமல், தறியிலிருந்து வந்தபடியே கோராவாக உடுத்தினால் நீங்கள் சொன்ன உப்புக்கே இடமில்லை.

சாயத்தொட்டி:
உடுத்துறவங்க நிலைமையையும் பாருங்க. கருங்கண்ணி குட்டை இழை. 20-ஆம் நம்பர் மாதிரித் தடி நூலுக்குத்தான் சரிவரும். மெல்லிய 80-ஆம் நம்பர் வேட்டிக்கு ஆகாது. கோராவுல மெழுகும் கஞ்சியும் இருக்கிறதால வேர்வையை உறிஞ்சாது. தைச்ச பிறகு சுருங்கவும் செய்யும்.

கரிசல்:
தடிமன் உண்மை. சட்டைக்கும் பைஜாமாவுக்கும் அது குறையல்ல, உழைக்கும். மற்ற இரண்டுக்கும் வழி உண்டு. தைக்கும் முன் துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் கஞ்சியை அலசுங்கள். பிறகு லிட்டருக்கு 5 கிராம் சலவைச் சோடா போட்டு, துணி முழுவதும் மூழ்கியபடி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசிக் காயவையுங்கள். ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உள்ளே இறங்க வேண்டும். முத்தாக நின்றால் மெழுகு போகவில்லை, மறுபடி கொதிக்கவிடுங்கள். சதுரம் 47 ஆகியிருந்தால் 6 சதவீதம் சுருக்கம். அதன் பிறகே வெட்டுங்கள். நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும், நீளம், அகலம் இரண்டையும் அளந்து பாருங்கள்.

மழைநீர்:
எல்லோராலும் துணி எடுத்துக் கொதிக்க வைத்துத் தைக்க முடியாது. ஆயத்த உடை வாங்குபவருக்கு, ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்றாகிய ஜிஓடிஎஸ் (GOTS) முத்திரைதான் கைக்கு எட்டும் வழி. "ஆர்கானிக்" என்று போட 95 சதவீத ஆர்கானிக் இழை வேண்டும். சாய ரசாயனமும் கழிவுநீரும் தணிக்கைக்கு உட்பட்டவை.

சாயத்தொட்டி:
அதுல எனக்கு மறுப்பில்லைங்க. முத்திரைக்குப் பக்கத்துல உரிம எண் இருக்கணும். அந்த எண்ணை ஜிஓடிஎஸ் தளத்துல போட்டுப் பாருங்க. தளத்துல அந்த எண் கிடைக்கலைன்னாலோ, முத்திரையில எண்ணே இல்லைன்னாலோ வாங்காதீங்க.