ஹைஸ்கூல்லயே காலேஜ் கிரெடிட்: உங்க வீட்ல எப்படிப் போச்சு?

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டல்லாஸ் பக்கம் இருக்கோம். பையன் எட்டாவது, அடுத்த வருஷம் ஹைஸ்கூல், போன வாரம் கோர்ஸ் செலக்‌ஷன் ஷீட் வந்துருச்சு, நாலு வருஷத்துக்கும் என்னென்ன எடுக்கப் போறான்னு எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. பொண்ணு விஷயத்துல நடந்தது எனக்கு இன்னும் ஆறல. அத முழுசா எழுதிடறேன், உங்க வீட்ல நடந்ததையும் எழுதுங்க, இப்ப இதே ஷீட்ட வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு உதவும்.

நாம படிச்சப்ப பத்தாவது முடிஞ்சதும் ஃபர்ஸ்ட் குரூப்பா செகண்ட் குரூப்பான்னு ஒரே ஒரு முடிவுதான், அதுக்கப்புறம் கிளாஸ்ல இருக்கற எல்லாருக்கும் ஒரே டைம்டேபிள். இங்க வருஷா வருஷம், ஒவ்வொரு சப்ஜெக்டுக்கும் தனித்தனியா ரெகுலரா, ஆனர்ஸா, ஏபியா, டூயல் கிரெடிட்டான்னு முடிவு பண்ணணும். பொண்ணு பத்தாவது போற வரைக்கும் எனக்கு ஏபியும் டூயல் கிரெடிட்டும் ஒண்ணுதான்னு நெனப்பு. ரெண்டுக்குமே "காலேஜ் கிரெடிட் கெடைக்கும்"னுதான் ஸ்கூல்ல சொன்னாங்க, அதாவது ஸ்கூல்ல இருக்கறப்பவே ஒரு காலேஜ் கோர்ஸ் முடிச்ச கணக்கு. உள்ள போனாத்தான் தெரியுது ரெண்டும் எவ்ளோ வேறன்னு. ஏபின்னா (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) வருஷம் பூரா ஸ்கூல்ல கிளாஸ், மே மாசம் காலேஜ் போர்டு வெக்கற பரீட்ச, 1-லருந்து 5 வரைக்கும் மார்க், அத வெச்சு காலேஜ் கிரெடிட் குடுக்கும். டெக்சாஸ்ல 2015-ல ஒரு சட்டமே போட்டிருக்காங்க, அரசு காலேஜுங்க 3 வாங்கினாலே கிரெடிட் தரணும், அதுக்கு மேல கேக்கணும்னா தகுந்த ஆதாரம் காட்டணும்னு. டூயல் கிரெடிட் அப்படி இல்ல. அது நெஜமாவே பக்கத்துல இருக்கற கம்யூனிட்டி காலேஜோட கோர்ஸ், கடைசியா ஒரே பரீட்சன்னு எதுவும் கெடையாது, செமஸ்டர் முடிவுல வர்ற கிரேடுதான் கிரெடிட், அந்தக் கிரேடு காலேஜ் மார்க் ரெக்கார்டான டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறிடும்.

அந்தக் கடைசி வரியத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லல. பொண்ணு பதினொண்ணாவதுல இங்கிலீஷ் 1301, ஹிஸ்டரி 1301 ரெண்டும் டூயல் கிரெடிட்டா எடுத்தா. இங்கிலீஷ் நல்லாப் போச்சு. ஹிஸ்டரியில வாரத்துக்கு ஒரு கட்டுரை, அந்த நேரம் பாத்து ரோபாட்டிக்ஸ் போட்டி, அப்புறம் என் மாமியாருக்கு உடம்பு முடியாமப் போயி நாங்க ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தோம், அதுல ரெண்டு கட்டுரை விட்டுப் போச்சு. ஸ்கூல் கிளாஸா இருந்தா டீச்சர்கிட்ட பேசி லேட்டா குடுத்திருக்கலாம். இது காலேஜ் கோர்ஸ், சிலபஸ்ல என்ன போட்டிருக்கோ அதான். கோர்ஸ விட்டு வெளிய வர்றதுக்கு ஒரு கடைசி தேதி இருக்குன்னும் அது ஸ்கூல் காலண்டர்ல இருக்காது, காலேஜ் காலண்டர்லதான் இருக்கும்னும் தெரிஞ்சப்ப அந்தத் தேதி தாண்டி ஒரு வாரம் ஆயிருந்துச்சு. C வந்துச்சு. சரி, ஒரு C தானேன்னு விட்டுட்டோம்.

இப்ப அவ யுனிவர்சிட்டியில செகண்ட் இயர், மெடிக்கல் போகணும்னு ஆச. அங்க அட்வைசர் சொல்லித்தான் தெரியும், மெடிக்கல் ஸ்கூலுக்கு ஆம்காஸ்னு ஒரு பொது அப்ளிகேஷன் வழியா அப்ளை பண்றப்ப இதுவரைக்கும் எந்த காலேஜ்ல எந்த கோர்ஸ் எடுத்திருந்தாலும் எல்லாத்தோட டிரான்ஸ்கிரிப்ட்டும் குடுக்கணும், ஹைஸ்கூல்ல இருந்தப்ப எடுத்ததும் அதுல சேரும், ஜிபிஏ (எல்லா கிரேடோட சராசரி) கணக்குலயும் வரும். பதினாறு வயசுல பாட்டி ஆஸ்பத்திரியில இருந்தப்ப வாங்கின C இருபத்தொரு வயசுல டாக்டருக்குப் படிக்க அப்ளை பண்றப்ப கூடவே வருது. ஃபோன்ல அவ அழுதது இன்னும் காதுல இருக்கு. ஒரு C-ல வாழ்க்க போயிடாது, அது எனக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சு எடுத்திருந்தா ஹிஸ்டரிய ஏபியா எடுத்திருப்போம். ஏபி பரீட்சையில 2 வந்திருந்தா காலேஜுக்கு அனுப்பாமலே விட்டிருக்கலாம்.

*

அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. உங்க பொண்ணு ஹிஸ்டரியில வாங்கின கிரேடு சயின்ஸ் ஜிபிஏ-ல சேராது, ஆம்காஸ்ல பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத்ஸ் மட்டும் தனியா ஒரு கணக்கு போடுவாங்க. அந்தக் கணக்க நல்லா வெச்சிருக்கச் சொல்லுங்க. இன்னொண்ணும் கேட்டுக்கச் சொல்லுங்க, ஏபி பயாலஜி கிரெடிட் இருக்குன்னு காலேஜ் பயாலஜிய எடுக்காம விட்டுடக் கூடாது, நெறைய மெடிக்கல் ஸ்கூல் அந்த அடிப்படை சயின்ஸ் பாடத்துக்கெல்லாம் ஏபிய ஏத்துக்கறதில்ல. எங்க அக்கா பொண்ணு இதத் தெரியாம கடைசி வருஷத்துல போயி ஃபர்ஸ்ட் இயர் பசங்களோட உக்காந்து பயாலஜி படிச்சா.

*

நான் சியாட்டில் பக்கம். எங்க வீட்ல நல்லபடியா போச்சு, அதனால அதையும் எழுதணும்னு தோணுச்சு.

வாஷிங்டன்ல ரன்னிங் ஸ்டார்ட்னு ஒரு ஏற்பாடு, 1990-லருந்து இருக்கு. பதினொண்ணு, பன்னெண்டாவது படிக்கற பசங்க ஸ்கூலுக்குப் பதிலா கம்யூனிட்டி காலேஜ்லயே போயி படிக்கலாம், டியூஷன் ஃபீஸ் கெடையாது, புஸ்தகம், சில்லற ஃபீஸ், போக்குவரத்து நம்ம செலவு. அங்க 5 கிரெடிட் கோர்ஸ் ஒரு குவார்ட்டர் முடிச்சா அது ஹைஸ்கூல்ல ஒரு வருஷப் பாடத்துக்குச் சமம். ஒரு வருஷம் இழுத்துப் படிக்கறத பத்து பதினோரு வாரத்துல முடிக்கறான்னா வேகம் எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க. எங்க பையன் மொதல் குவார்ட்டர்ல ரொம்பத் திணறினான். அவன் ஸ்கூல்ல பெல் அடிச்சா எந்திரிச்சு போற பையன், இங்க ரெண்டு கிளாஸுக்கு நடுவுல மூணு மணி நேரம் சும்மா கெடக்கு, அத என்ன பண்றதுன்னு தெரியல.

ஒரு நாள் மேத்ஸ் ஹோம்வொர்க் எதுவுமே கணக்குல ஏறல. நான் காலேஜுக்கு ஃபோன் போட்டேன். அந்தம்மா ரொம்ப மரியாதையா சொன்னாங்க, உங்க பையன் இங்க காலேஜ் ஸ்டூடன்ட், வயசு பதினாறா இருந்தாலும் அவர் ரெக்கார்டு அவரோடது, அவர் கையெழுத்து போட்டுக் குடுக்காம உங்ககிட்ட பேச முடியாதுங்கன்னு. எனக்கு அன்னைக்கு கோவம் தலைக்கேறுச்சு. சாயங்காலம் பையன்கிட்ட சொன்னேன், அவனே ப்ரொஃபசருக்கு மெயில் எழுதினான், மறுநாள் ஆபீஸ் அவர்ல போயி உக்காந்தான், வேற செக்‌ஷன்ல அப்லோடு பண்ணிட்டு இருந்திருக்கான், சரியாயிடுச்சு. அன்னைக்கு நான் நடுவுல பூந்து பேசியிருந்தா அவன் அதக் கத்துக்கிட்டிருக்க மாட்டான், இப்ப அது எனக்குத் தெளிவா தெரியுது.

ஸ்கூல் முடிக்கறப்ப கையில 80-க்கு மேல குவார்ட்டர் கிரெடிட் இருந்துச்சு, அசோசியேட் டிகிரிக்கு 90 வேணும். அதனால நாலு வருஷ டிகிரி ரெண்டு வருஷத்துல முடிஞ்சுரும்னு நாங்க போட்ட கணக்கு மட்டும் தப்பாப் போச்சு. ஹிஸ்டரி, இங்கிலீஷ், சைக்காலஜி மாதிரி பொதுப் பாடமெல்லாம் கழிஞ்சது, ஆனா மேஜர் கோர்ஸ் எல்லாம் ஒண்ணு முடிச்சாத்தான் இன்னொண்ணு, அந்தச் சங்கிலிய யாராலயும் சுருக்க முடியல. மூணு வருஷம் ஆச்சு. ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம், அதுக்கே நாங்க சந்தோஷப்பட்டோம்.

*

அங்கிள், ஆன்ட்டி, நான் இப்ப இன்ஜினியரிங் தேர்டு இயர், 40 கிரெடிட்டுக்கு மேல ஏபியில கொண்டு வந்தேன், அங்கிள் சொன்ன சங்கிலிதான் எனக்கும். டிகிரி சீக்கிரம் முடியாது. ஆனா எனக்கு வேற மாதிரி பிரயோஜனம் ஆச்சு. எங்க காலேஜ்ல யாருக்கு கிரெடிட் ஜாஸ்தியோ அவங்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் மொதல்ல தொறக்கும், அதனால நல்ல ப்ரொஃபசர், நல்ல டைம் எல்லாம் கெடைச்சது, நடுவுல ஆறு மாசம் கோ-ஆப்னு படிப்போட சேந்த வேலைக்குப் போயிட்டு வந்தும் பின்தங்கல.

ஒண்ணு மட்டும் சொல்லணும். ஏபி கேல்குலஸ் பிசி பரீட்சையில 5 இருந்துச்சு, கேல்க் 1, கேல்க் 2 ரெண்டும் விட்டுட்டு நேரா கேல்க் 3-ல உக்காந்தேன். ஏபி பரீட்ச எழுதினது பதினொண்ணாவதுல, நடுவுல முழுசா ஒரு வருஷம் கேல்குலஸ் தொடவே இல்ல. மொதல் மிட்டெர்ம்ல 54. என் ரூம்மேட்டுக்கும் 5 தான், அவன் கேல்க் 2-வ திரும்ப எடுத்தான், நிம்மதியா இருந்தான். கிரெடிட் இருக்குங்கறதுக்காக எல்லாத்தயும் யூஸ் பண்ணியே ஆகணும்னு இல்ல, சில காலேஜ்ல நாமளா கேட்டாத்தான் அத ஏத்துவாங்க, ஏத்தறதுக்கு முன்னாடி அட்வைசர்கிட்ட பேசுங்க.

அப்புறம் ஏபி ரிசல்ட் வர்றது ஜூலையில. எனக்கு ஓரியன்டேஷன் ஜூன்லயே வந்துருச்சு, ரிசல்ட் தெரியாமலே கிளாஸ் எடுக்க வேண்டியதாப் போச்சு, ஆகஸ்ட்ல பாதிய மாத்தினேன். பன்னெண்டாவதுல ஏபி எழுதறவங்க ஓரியன்டேஷனுக்குப் போறப்பவே ரெண்டு பிளான் கையில வெச்சுக்கங்க.

*

கலிஃபோர்னியா, பே ஏரியா. இங்க பேரன்ட்ஸ் மீட்டிங் போனா எத்தன ஏபி எத்தன ஏபின்னு அதே பேச்சுதான். பொண்ணு ஒம்பதாவதுல இருந்தப்ப ஒரு அம்மா பன்னெண்டு ஏபி பிளான் போட்டுக் காமிச்சாங்க, எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அப்புறம் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வெப்சைட்ல உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சேன். அவங்க ஜிபிஏ கணக்கு போடறப்ப ஏபி, ஆனர்ஸ், காலேஜ் கோர்ஸ் எல்லாத்துக்கும் சேத்தே எட்டு செமஸ்டருக்குத்தான் எக்ஸ்ட்ரா பாயின்ட், அதுவும் பத்தாவது, பதினொண்ணாவதுல எடுத்ததுக்கு மட்டும், பத்தாவதுல நாலு செமஸ்டருக்கு மேல கணக்குல வராது. எட்டு செமஸ்டர்னா வருஷம் பூரா ஓடற நாலே நாலு கோர்ஸ். எவ்ளோ கஷ்டமான கோர்ஸ் எடுத்திருக்காங்கன்னு தனியாவும் பாப்பாங்க, அத நான் மறுக்கல. ஆனா பன்னெண்டுங்கறது எங்கயும் எழுதிக் கெடக்கல. எங்க பொண்ணு மொத்தமா ஆறு எடுத்தா, ஆறும் அவளுக்குப் புடிச்சது, ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்கினா.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல, நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம். தமிழ்! பொண்ணு அஞ்சு வயசுலருந்து வாராவாரம் தமிழ்ப் பள்ளிக்குப் போனா. கலிஃபோர்னியத் தமிழ்க் கழகம் 1998-லருந்து நடக்குது, இங்க நெறைய டிஸ்ட்ரிக்ட் அந்த மேல்நிலை வகுப்புகள ஹைஸ்கூல் வேற்றுமொழிப் பாடமா ஏத்துக்கறாங்க. யூசிக்கு ரெண்டு வருஷம் வேற்றுமொழி கட்டாயம், மூணு வருஷம் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. அந்த எடத்துல தமிழ் வந்து நின்னுச்சு. ஸ்பானிஷுக்குப் போக வேண்டிய பீரியட் காலியாச்சு, அதுல செராமிக்ஸ் எடுத்தா. தமிழ்ல ஏபி கெடையாது, ஆனா அவான்ட்ங்கற கம்பெனி நடத்தற ஸ்டாம்ப்னு ஒரு மொழித் திறன் டெஸ்ட்ல தமிழ் இருக்கு, எழுதறதையும் பேசறதையும் பாப்பாங்க. டிப்ளமோல ரெண்டு மொழி தெரிஞ்சவங்கன்னு ஒரு முத்திரையும் குத்திக் குடுத்தாங்க, எங்க மாநிலம்தான் 2011-ல அதுக்கு மொதல்ல சட்டம் போட்டது. மேடையில அந்த முத்திரைக்கு பேரு கூப்பிட்டப்ப "தமிழ்"னு மைக்ல சொன்னாங்க. எங்க அம்மா மதுரையிலருந்து வந்திருந்தாங்க, அவங்களுக்கு அந்த ஒரு வார்த்ததான் புரிஞ்சது, என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க.

*

ஹூஸ்டன். சின்னதா ஒண்ணு சொல்லிக்கறேன். எங்க பையன் ஆறாவதுலருந்து ஆர்கெஸ்ட்ரால வயோலா வாசிச்சான். டெக்சாஸ்ல கிளாஸ் ரேங்க்ல முதல் 10 சதவீதத்துக்குள்ள வந்தா மாநில யுனிவர்சிட்டியில நேரா சீட்டு, 1997-ல போட்ட சட்டம், யூட்டி ஆஸ்டினுக்கு (ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யுனிவர்சிட்டி) மட்டும் அது 6 சதவீதமா இருந்துச்சு, 2026 ஃபாலுக்கு 5 ஆக்கிட்டாங்க. ரேங்க் கணக்குல ஆர்கெஸ்ட்ரா மார்க்குக்கு சாதாரண பாயின்ட், ஏபிக்கு பாயின்ட் ஜாஸ்தி, ஆர்கெஸ்ட்ரால 100 வாங்கினாலும் ரேங்க் கீழ எறங்கும். பத்தாவதுல நாங்கதான் சொல்லி விட வெச்சோம். கடைசியில 8 சதவீதத்துல வந்தான், வேற நல்ல காலேஜுக்குத்தான் போனான், அங்க சந்தோஷமாத்தான் இருக்கான். ஆனா வயோலா அந்தப் பொட்டியிலேயே கெடக்குது. அத நெனச்சா மனசு கனக்குது.

*

மொதல்ல எழுதினது நான்தான், திரும்ப வந்திருக்கேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எல்லாத்தயும் வீட்டுக்காரரும் பையனும் நானும் சேந்து உக்காந்து படிச்சோம். ஆம்காஸ் பத்தி எழுதின தம்பி, அந்த சயின்ஸ் ஜிபிஏ விஷயத்த பொண்ணுக்கு உடனே அனுப்பிட்டேன், "ஓகேம்மா"ன்னு ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு, அடுத்த அஞ்சு நிமிஷத்துல அவளே கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினா.

பையனுக்கு இப்பதைக்கு இப்படி எழுதியிருக்கோம். அல்ஜீப்ரா 1 எட்டாவதுலயே எடுத்துட்டான், அதனால ஒம்பதாவதுல ஜியாமெட்ரி, பத்தாவதுல அல்ஜீப்ரா 2, அப்புறம் ப்ரீகேல்குலஸ், பன்னெண்டாவதுல கேல்குலஸ், இதுல சம்மர்ல ஒண்ண முடிச்சு தாவறதெல்லாம் வேண்டாம்னுட்டான். ஒம்பதாவதுல ஏபி ஹியூமன் ஜியாகிரஃபி ஒண்ணே ஒண்ணு, அவனுக்கு மேப் பாக்கறது புடிக்கும். டூயல் கிரெடிட் பன்னெண்டாவது வரைக்கும் கெடையாது, அப்பவும் இங்கிலீஷ் மட்டும், அதுவும் காலேஜ் காலண்டர் ஃப்ரிட்ஜ்ல ஒட்டின பிற்பாடுதான். ஸ்பானிஷ் பாதி அழிச்சு வெச்சிருக்கோம். நம்ம ஊர்த் தமிழ்ப் பள்ளியில ஏழாம் நிலை படிக்கறான். எங்க டிஸ்ட்ரிக்ட் ஸ்டாம்ப் டெஸ்ட்ட மொழிக் கிரெடிட்டுக்கு ஏத்துக்குமான்னு கவுன்சிலருக்கு மெயில் போட்டிருக்கேன், வியாழக்கெழம காலையில எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஹூஸ்டன் தம்பி, எங்க பையன் பேண்ட்ல டிராம்போன் வாசிக்கறான். அந்த வரியில மட்டும் அவன் பேனாவால எழுதியிருக்கான், நாலு வருஷத்துக்கும்.

டல்லாஸ் பக்கம் யாராவது தமிழுக்கு ஸ்டாம்ப் எழுதி கிரெடிட் வாங்கியிருந்தா எந்த லெவல் வரைக்கும் குடுத்தாங்கன்னு வியாழனுக்குள்ள சொல்லுங்க.