விலகல் கடிதம் கொடுத்தால் வேலையின்மை உதவித்தொகை கிடைக்காதா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் நான் பணிபுரிந்த நிறுவனத்தின் மேலாளர், நானே விலகாவிட்டால் மறுநாள் பணிநீக்கம் செய்யப்படுவேன் என்று கூறியதால் விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டேன். இது சொந்த விருப்பத்தில் விலகியதாகக் கொள்ளப்படுமா?

மறுமொழி: பெரும்பாலும் கொள்ளப்படாது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, வேலையில் தொடரும் வாய்ப்பு உங்களுக்கு உண்மையில் இருந்ததா என்பதையே அதிகாரிகள் ஆராய்வார்கள். வாய்ப்பே இல்லையெனில் அது பணிநீக்கமாகவே கருதப்படும். அதன்பின், உதவித்தொகை மறுக்கப்பட வேண்டுமானால், உங்களிடம் வேலை தொடர்பான தவறான நடத்தை இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. திறமைக் குறைவு மட்டுமே அத்தகைய நடத்தை ஆகிவிடாது.

மறுமொழி: ஒரு திருத்தம். "வேறு வேலை தேடுவது நல்லது" என்று மேலாளர் பொதுவாகச் சொல்லியிருந்தால், அது விருப்ப விலகல்தான். அப்போது தக்க காரணத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மறுமொழி: விண்ணப்பத்தில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முடிவு வரும்வரை, இன்னும் வேலையின்றி இருப்பதாகவும் வேலை தேடுவதாகவும் இரு வாரங்களுக்கொருமுறை அளிக்கும் உறுதிமொழியை நிறுத்திவிடாதீர்கள்.