'பி' என்று முடியும் இங்கிலாந்து ஊர்கள்: டேனியர் வாழ்ந்த இடமா, வைத்த பெயர் மட்டுமா?

ஆற்றங்கரையான்:
டேனியர், அதாவது டென்மார்க்கிலிருந்து வந்த வைக்கிங்குகள், பேசிய மொழியில் 'பி' என்றால் ஊர். கிரிம்ஸ்பி, டார்பி என்று 'பி'யில் முடியும் பெயர்களைக் காட்டி, டேனியர் கூட்டங்கூட்டமாகக் குடியேறினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. டார்பிக்கு முன்பு நார்த்வொர்த்தி என்று பெயர். 865இல் ஒரு டேனியப் படை வந்தது. 876இல் அதன் தலைவன் ஹால்ஃப்டன், வட இங்கிலாந்தின் நார்த்தம்பிரிய நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தான். புது எஜமான் பெயரை மாற்றினான், உழுதவன் பழைய ஆள்தான். படையே சிறியது என்று 1962இல் வரலாற்றாசிரியர் பீட்டர் சாயர் எழுதிவிட்டாரே.

குயிலி:
டார்பி பெரிய ஊர், அதை விடுங்கள். கிழக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷைர் மாவட்டத்தில் மட்டும் 'பி' ஊர்கள் 200க்கு மேல். அத்தனையும் எஜமான் உத்தரவா? வடக்கே ஓடையைக்கூட 'பெக்' என்கிறார்கள், அதுவும் அவர்கள் சொல்தான். சின்ன ஓடைக்கெல்லாம் எந்தப் பிரபு வந்து பெயர் வைத்தான்?

ஆற்றங்கரையான்:
சரி, ஆனால் இவற்றில் பெரும்பாலானவை முதலில் பதிவானது 1086ஆம் ஆண்டின் நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டில். இடையில் 200 வருடம் ஓடிவிட்டது. வடமேற்கே கம்பிரியாவில் அலன்பி இருக்கிறது. அலன் என்பது 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு வந்த பெயர். அதையும் டேனியர் கணக்கில் எழுதுவீர்களா?

குயிலி:
எழுதமாட்டேன். ஆனால் நார்மன் காலத்திலும் ஊருக்கு 'பி' ஒட்டினார்கள் என்றால், அந்தச் சொல் ஜனங்கள் வாயில் உயிரோடு இருந்தது என்றுதானே அர்த்தம்? இன்னொன்று பாருங்கள். லண்டனில் சிஸ்விக், கம்பிரியாவில் கெஸ்விக். இரண்டுமே பாலாடைக்கட்டி செய்த பண்ணை. தெற்கே ஆங்கிலேயர் வாயில் 'ச', வடக்கே டேனியர் போன்ற ஸ்கண்டினேவியர் வாயில் 'க'. உச்சரிப்பை உத்தரவு போட்டு மாற்ற முடியாது. அக்கம்பக்கத்தில் குடியிருந்து பேசிப் பழகினால்தான் மாறும்.

நெடுவழி:
இருவரும் மண்ணை மறந்துவிட்டீர்கள். ஊர்ப்பெயர் ஆய்வாளர் கென்னத் கேமரன் 1965இல் செய்தது அதுதான்: பெயர்களை மண் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். நல்ல விளைநிலம் ஆங்கிலப் பெயர் ஊர்களிடம், 'பி' ஊர்கள் பெரும்பாலும் இரண்டாந்தர மண்ணில். வென்ற எஜமான் ஏன் மட்டமான நிலத்தைப் பிடிக்கிறான்? படைக்குப் பின்னால் வந்த குடியானவன்தான், மிச்சமிருந்த இடத்தைத் திருத்தி உட்கார்ந்திருக்கிறான்.

ஆற்றங்கரையான்:
அப்படியானால் கிரிம்ஸ்டன் என்ற பெயருள்ள ஊர்களை எங்கே வைப்பீர்கள்? முன்பாதி கிரிம் என்ற டேனியன் பெயர், பின்பாதி ஊரைக் குறிக்கும் ஆங்கிலேயரின் 'டன்'. அவை நல்ல மண்ணில் இருந்த பழைய ஆங்கில ஊர்கள் என்று சொன்னவரும் அதே கேமரன்தான். அங்கே உட்கார்ந்திருப்பவன் என் எஜமான்.