மாடி வீட்டுக்கு எந்த நாய்? குழம்புச் சோறு போடலாமா?

மாடிவீட்டுக்காரி (மதுரை)

வணக்கம். மதுரையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நாய் வளர்த்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். நானும் கணவரும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறு மணி ஆகும். பகலில் மாமியார் மட்டும் இருப்பார். அவருக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு நான்கு வயது.

மகளுக்கு ஹஸ்கிதான் வேண்டுமாம், நீலக் கண்ணுக்காக. கணவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அதனால் சிப்பிப்பாறையைத் தவிர வேறு பேச்சே இல்லை. இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், ஐந்து வாரத்து லாப்ரடார் குட்டி இருக்கிறது, இப்போதே எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறார்.

சாப்பாட்டிலும் சண்டை. "ஊரில் கருப்பனுக்குக் குழம்புச் சோறுதான் போட்டோம், அவன் நன்றாகத்தானே இருந்தான்?" என்கிறார் மாமியார். வெள்ளி, செவ்வாய் தவிர மற்ற நாள்களில் வீட்டில் முட்டையும் கோழியும் சமைப்போம். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (ஸ்ரீவில்லிபுத்தூர்)

அம்மா, நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்த நாயோடு இருக்கப்போவது உங்கள் மாமியார். அவரால் எந்த நாயைச் சமாளிக்க முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். நீலக் கண்ணும் சொந்த ஊர்ப் பெருமையும் பிறகு.

ஹஸ்கி வேண்டவே வேண்டாம். சைபீரியாவில் பனிச்சறுக்கு வண்டி இழுத்த இனம், அதன் மேல் இரண்டு அடுக்கு ரோமம். மதுரையின் மே மாத வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது பகல் முழுக்கக் குளிர்சாதனம் ஓட வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்? மூக்கு சப்பையான பக் நாயும் வெயிலுக்கு ஆகாது, மூச்சுத் திணறிப்போகும்.

சிப்பிப்பாறை அருமையான நாய். ஆனால் கரிசல் காட்டில் முயல் விரட்டிய கால்களுக்கு மாடிப்படி போதாது. பூனை ஒன்று குறுக்கே ஓடினால் கயிற்றோடு உங்கள் மாமியாரையும் இழுத்துக்கொண்டு போகும். ராஜபாளையம் நாய்க்கும் ஓட இடம் வேண்டும். வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பதும் உண்டு. வாங்குகிறவர்கள் குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது வழக்கம்.

ஐந்து வாரக் குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். வலிக்காமல் கடிக்க அது கற்றுக்கொள்வது அங்கேதான். நான்கு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அவசரப்படுத்துகிற ஆள் தாய் நாயைக் காட்டுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். காட்டமாட்டார் என்பது என் ஊகம்.

என்னைக் கேட்டால், தாய் யாரென்று தெரிந்த, சாதுவான தாய்க்குப் பிறந்த நாட்டு நாய்க் குட்டி, அதுவும் பெட்டை. நம் வெயில் அதற்குப் பழக்கம், உடம்பும் பெரிதாகாது. கருத்தடை செய்துவிட்டால் தொல்லையும் இல்லை. லாப்ரடார்தான் என்றால் அளந்து போடும் கை வேண்டும், அது போதும் என்று சொல்லாத ஜாதி. எதுவானாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். இவை முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இனி கருப்பன் கதை. அவன் உங்கள் குழம்புச் சோற்றை மட்டும் தின்று வாழவில்லை. பகலெல்லாம் ஊர் சுற்றி எலி, ஓணான், மீன் தலை என்று வேண்டியதைத் தேடிக்கொண்டிருப்பான். எத்தனை வயதில் செத்தான் என்றும் யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். மாடியில் வளரும் நாய்க்கு நீங்கள் தட்டில் வைப்பதுதான் எல்லாம்.

குழம்பில் முதல் வில்லன் வெங்காயம். பூண்டும் அதே குடும்பம். வெந்தாலும், பொடியானாலும் விஷம் போகாது, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடல் எடையில் 0.5 சதவீத அளவு வெங்காயம் ஒரே வேளையில் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பது மருத்துவ நூல் கணக்கு. ஐந்து கிலோ குட்டிக்கு 25 கிராம். சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயத்தில் நாலைந்து. தின்ற அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகப் போகும்போது, என்ன தின்றது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்தது திராட்சை. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் போடுகிறோமே, அந்த உலர் திராட்சை இன்னும் மோசம். சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே சொல்ல முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று சில ஆண்டுகளாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் இருக்கிறது. வெங்காய சாம்பார், புளிக்குழம்பு இரண்டையும் நாய்க்கு ஏன் மறுக்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

சாக்லேட் தெரிந்ததுதான். மாமியாருக்குச் சர்க்கரை என்றீர்கள். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் வாங்கினால் உறையில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். நாய் அதைத் தின்றால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து விழுந்துவிடக்கூடும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். பிரியாணி வாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பைக் கூடையை மூடி வையுங்கள்.

சமையலில் தாளிப்பதற்கு முன், உப்பும் புளியும் விழுவதற்கு முன், நாயின் பங்கை எடுத்துவிடுங்கள். குழைந்த சோறு, எலும்பில்லாத கோழி அல்லது வேகவைத்த முட்டை, கொஞ்சம் கேரட் அல்லது பூசணி. ஆனால் வளரும் குட்டிக்கு இது மட்டும் போதாது. சோறும் கறியுமே தின்று வளர்ந்த குட்டிகள் சுண்ணாம்புச்சத்து இல்லாமல் முன்னங்கால் வளைந்து வருவதை மருந்தகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வயது வரை குட்டிகளுக்கென்று விற்கும் முழு உணவே பிரதானமாக இருக்கட்டும். வீட்டுச் சோறு ருசிக்கு மட்டும்.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

ஐயா சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. எங்கள் வீட்டில் கன்னி இன நாய் இருக்கிறது, அதுவும் சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்தான். விடியற்காலையில் கண்மாய்க் கரையில் மனம்போல ஓடவிட்டால், பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருக்கிற இடம் தெரியாமல் தூங்கும். மாடி வீட்டில் வளர்க்க முடியாது என்றில்லை. தினமும் விடியலில் எழுந்து அழைத்துப் போக ஆள் வேண்டும், அவ்வளவுதான். அக்கா, உங்கள் கணவர் எழுவாரா? மழை நாளிலும்?

இன்னொன்று. இந்த வேட்டை நாய்களுக்கு விலா எலும்பு தெரிவதுதான் ஆரோக்கியம். பார்க்கிற பாட்டிமார் எல்லாம் "பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்டுக் கேட்டு, தோசை தோசையாகப் போட்டுக் கொழுக்க வைத்துவிடுவார்கள். எங்கள் அம்மாவிடம் இன்னும் போராடுகிறேன்.

மாடிவீட்டுக்காரி

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. விடியலில் எழுவாரா என்று கேட்டேன், கணவர் பேச்சை மாற்றிவிட்டார். நாட்டுக் குட்டிக்கு மகளும் அரைமனதாக ஒப்புக்கொண்டாள். மாமியாருக்குத்தான் இரண்டு கேள்விகள். வெள்ளி, செவ்வாயில் நாய் என்ன சாப்பிடும்? பால் சோறாவது போடலாமா? எனக்கு ஒன்று: தப்பித்தவறிப் பாயசத்தில் வாய் வைத்துவிட்டால்?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

அந்த இரண்டு நாளும் கடை உணவையே போடுங்கள், சமையலறைக்கும் பங்கமில்லை. பால் பல நாய்களுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். உப்பில்லாத தயிர்ச் சோறு ஒரு கைப்பிடி கொடுக்கலாம், கடுகு, மிளகாய் தாளிக்காமல். நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. அது தின்னும்போது பையன் தட்டுப் பக்கம் போகக்கூடாது. இதை மாமியாரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

திராட்சை போட்ட பாயசத்தைத் தின்றுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பாட்டி வைத்தியமும் வேண்டாம், அந்த உப்பே நாயைக் கொல்லும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற மூன்றையும் அவர் கேட்பார். ஞாயிறும் இரவும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பக்கத்தில் எது என்று குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து, எண்ணை மாமியாரின் போனில் போட்டுக் கொடுங்கள்.