புதுப்பிப்பு: அந்தப் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி

கைமாறி வந்த 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கியைச் சுடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டியாயிற்று. சுடக்கூடாது என்கிறார்.

வெளி மெருகை அவர் கண்டுகொள்ளவே இல்லை. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே வட்டமாக ஒரு நிழல். அந்த இடம் புடைத்திருக்கிறது. எப்போதோ அடைப்போடு சுட்டிருப்பார்களாம்.

குழலில் தோட்டா அமரும் அறையின் நீளமும் 65 மில்லிமீட்டர்தான். 70 மில்லிமீட்டர் தோட்டா சிரமமில்லாமல் உள்ளே போகும், வம்பே அதுதான். அந்த 70 என்பது சுட்ட பிறகு விரிந்த நீளம். தோட்டாவின் மடித்த வாய் முழுதாக விரிய அறையில் இடமில்லாவிட்டால் அழுத்தம் எகிறும். 'உள்ளே போனால் பொருந்துதுன்னு அர்த்தம்' என்று பதில் போட்டவர்கள் கவனிக்க.

குழலை உடலோடு இணைக்கும் பூட்டில் ஆட்டமில்லை. அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்ததற்கான சோதனை முத்திரையும் இருக்கிறது. ஆனால் அது முத்திரை குத்திய நாளின் நிலையைத்தான் சொல்லும். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்கிறார்.