மறுமொழி: கட்டளையைக் கேட்டால் சொல்லும் நிரலுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம் அன்பர்களே,

கணினியில் ஒரு வேலையைச் செய்ய எந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்யவேண்டும் என்று சாதாரண மொழியில் கேட்டால் சொல்லும் நிரலுக்கு, 'வினாவிடை அமைப்பு' என்ற பெயரே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் சோதனைக்குப் படிக்கும் பயிற்சிப் புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

1980களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் விலென்ஸ்கி குழுவினர், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்காகச் செய்த 'யூனிக்ஸ் கன்சல்டன்ட்' நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பை அழிப்பது எப்படி என்று சாதாரண ஆங்கிலத்தில் கேட்டால், 'ஆர்எம்' (rm) என்ற கட்டளை இருக்கிறது, இப்படித் தட்டச்சு செய் என்று சொல்லும். சொல்வதோடு சரி, தானே அழிக்காது. நம் சொல்லில் முதலில் தெரியவேண்டியது இதுதான், ஏனென்றால் ஆர்எம் கொடுத்த கோப்பு குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, போனால் போனதுதான். அந்த என்டர் விசையை மனிதன்தான் அழுத்தவேண்டும்.

யூனிக்ஸிலேயே 'அப்ரோபோஸ்' (apropos) என்ற தேடும் கட்டளை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்ரோபோஸ் கையேட்டுப் பக்கங்களின் பெயரிலும் ஒருவரி விளக்கத்திலும் நாம் கொடுத்த சொல்லைத் தேடும், அவ்வளவுதான். ஆர்எம் விளக்கத்தில் இருப்பது 'ரிமூவ்'. பையன் தேடுவது 'டிலீட்'. எப்படிக் கிடைக்கும்? எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோ "இந்த ஃபைலை எப்படி பாடாம் பண்றது?" என்று மலாய் கலந்துதான் கேட்பார்கள் (பாடாம் என்றால் மலாயில் அழிப்பது), அதையும் புரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, வட்டில் இடம் வேண்டும் என்று கேட்பவனுக்கு எல்லாவற்றையும் அழித்துவிடு என்பதும் கணக்குப்படி சரியான பதில்தான், ஆனால் அவன் கேட்டது அதுவா? நோக்கம் அறிந்து சொல்லவேண்டும், இப்படிப்பட்ட நிரல் செய்வதில் அதுதான் கடினமான பகுதி.

'கட்டளை ஆலோசகர்' என்று பெயர் வைத்தாலோ, நிரல் அல்ல, ஓர் ஆள் என்று ஆகிவிடுகிறது.

என் பரிந்துரை: வழிசொல்லி. கதைசொல்லி ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. கணினி, உலாவி, செயலி வரிசையிலும் ஒட்டும். பேருந்து நிலையத்தில் வழி கேட்டால் சொல்வார்களே தவிர நமக்காக நடந்து போகமாட்டார்கள், அந்தப் பொருளும் உள்ளே இருக்கிறது. முழுப்பெயர் வேண்டுமானால் 'இயல்மொழிக் கட்டளை வழிசொல்லி'. வரைபடச் செயலியோடு குழம்பும் என்பீர்கள், அந்தச் செயலிக்குத்தான் 'வழிகாட்டி' என்ற சொல் இருக்கிறதே.

இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். அதுவரை என் வகுப்புக் குறிப்பில் வழிசொல்லிதான்.